கணித ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

வட்டுக்கோட்டை செமினரியில் பயின்ற விசுவநாதபிள்ளை, அட்சரகணிதத்தைத் தமிழில் 'வீசகணிதம்' என நூலாக்கியது 1855ஆம் ஆண்டில். இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதலாவது கணிதப் பேராசிரியர் சி. சுந்தரலிங்கம் உரும்பிராயைச் சேர்ந்தவர். அத்தகைய யாழ்ப்பாணத்தில் இன்று, தீவகப் பாடசாலையொன்றுக்குக் கணித ஆசிரியரை அனுப்புவதும், அனுப்பியவரை அங்கு நிலைக்கச் செய்வதும் பெரும்பாடாகியுள்ளது.

பயிற்சித் திட்டம் இல்லாமலில்லை. கோப்பாயில் யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி இயங்குகிறது. இரண்டு வருடப் பயிற்சி, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. ஆனால் கணித நெறிக்கு வரக்கூடியோர் யார்? உயர்தரத்தில் கணிதம் கற்றவர்களே. அவர்களுள் திறமையானோர் பொறியியல் பீடங்களை நாடுகின்றனர். பல்கலைக்கழக வாய்ப்புக் கிட்டாதவர்களிலும் பலர் வெளிநாட்டையே நோக்குகின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில், அரச ஊழியர் ஐந்து வருடங்கள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கமே வழி திறந்தது. குளம் வற்றியிருக்க வாய்க்காலை அகலமாக்கி என்ன பயன்?

குளம் வற்றுவது இடைநிலை வகுப்புகளிலேயே. சிறிய பாடசாலைகளில் வேறு பாட ஆசிரியரே கணிதத்தையும் கற்பிப்பது புதிதல்ல. நகரத்துப் பிள்ளையின் குறையைத் தனியார் கல்வி நிலையம் தீர்த்துவிடும். நெடுந்தீவுப் பிள்ளைக்கு அது ஏது? 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்களில், மாலை வகுப்புக்குக் கட்டணம் செலுத்த முடிந்தவை எத்தனை? சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் உயர்தரத்துக்கான வழியும் கடினமாகிறது. தட்டுத்தடுமாறிச் சித்தியடைபவர் கலைப்பிரிவுக்குச் செல்கிறார். பின்னர் பட்டதாரி நியமனம் பெற்று அதே பாடசாலைக்கு வந்தால், நேரசூசியில் அவருக்கும் இரண்டு கணித பாடவேளைகள் ஒதுக்கப்படலாம்!

ஆகவே, புதியவர்களைச் சேர்க்கும் திட்டங்கள் மட்டும் போதா. ஏற்கெனவே வகுப்பில் நிற்பவரைக் கணித ஆசிரியராக்கும் திட்டமே விரைவில் பலன் தரும் என்பது நமது கருத்து. அவர் ஊரிலேயே வாழ்பவர். குறிகட்டுவானில் படகேறி வரவேண்டியவரல்லர். இடமாற்றத்துக்காக அரசியல்வாதியின் வாசலில் நிற்கவும் மாட்டார். சேவையிலிருந்த ஆசிரியர்களைப் பயிற்றும் பணியைப் பலாலி, கோப்பாய் ஆசிரியர் கலாசாலைகள் முன்னரே செய்துள்ளன. வார இறுதியிலும் விடுமுறையிலும் நடத்தப்படும் கணிதப் பயிற்சிக்கு உரிய கொடுப்பனவும், முடித்தவருக்குச் சம்பள ஏற்றமும் வழங்கப்பட வேண்டும். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்களின் உதவியையும் இதற்குப் பெறலாம்.

அதற்கு முதற்படியாக, கணிதம் கற்பிப்போரில் எத்தனை பேருக்குக் கணிதம் நியமனப் பாடம் என்பதை வடக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் பாடசாலை வாரியாக வெளியிடட்டும்.