பாதி இட்லி போதும்



சுங்கை வேயிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். வீடு திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. ஆனால் கடிதத்தில் வலியைப் பற்றியோ தழும்பைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. "என்ன சாப்பிடணும், எவ்வளவு சாப்பிடணும்னு டாக்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்துட்டாரு. எங்க பெரியம்மாவுக்கு யாரு சொல்லிக் கொடுப்பா?" என்றுதான் முதலில் கேட்டிருக்கிறார்.

அந்தப் பெரியம்மாவை நான் பார்த்ததில்லை. ஆனால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நம் எல்லார் வீட்டிலும் அவர் இருக்கிறார். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளலாம்.

பெரியம்மா, உங்கள் மகளின் வயிற்றிலிருந்து கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொழுப்பை யாரும் தொடவில்லை. இப்போது அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' சிகிச்சையில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கும் மேலாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். 'பைபாஸ்' என்பது வேறு: மேலே ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே உள்ள பகுதியோடு இணைப்பார்கள். எதுவாக இருந்தாலும் உள்ளே தையல் இருக்கிறது, அது ஆற வேண்டும். வெளியே தெரியும் நாலைந்து சின்னத் தழும்புகளைப் பார்த்து, 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற சுரப்பை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் ஊறுகிறது. ஸ்லீவ் சிகிச்சையில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். அதனால்தான் அவருக்குப் பசியே எடுக்கவில்லை. 'பிள்ளை கோபத்தில் சாப்பிடாமல் இருக்கிறாள்' என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஆனால் ஆசை எங்கும் போய்விடவில்லை. பக்கத்து வீட்டில் சம்பல் தாளிக்கும் வாசனை வந்தால் மனம் அங்கே ஓடத்தான் செய்யும். வயிறு கேட்காததை மனம் கேட்கும்போது வரும் எரிச்சலை அவர் உங்கள்மீது காட்டினால், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரம் பெரும்பாலும் நீராகாரம். பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. ஆறு வாரத்தை ஒட்டி மெல்ல மெல்லச் சாதாரண உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்தக் கணக்கு சற்று மாறும். உங்கள் மகள் கையில் கொடுத்திருக்கும் தாளில் உள்ளதுதான் சட்டம், என் பேச்சு அல்ல. ஆரம்ப நாட்களில் மருந்துப் புட்டியோடு வரும் சின்னக் கோப்பையில் 30 மில்லி எடுத்து, கால் மணி நேரத்தில் உறிஞ்சி உறிஞ்சிக் குடிப்பார்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும் என்பதால், தண்ணீர் குடிப்பதே முழுநேர வேலையாகிவிடும். ஷிப்டுக்குப் போகிறவர் ஓய்வு நேரத்தில் மொத்தமாகக் குடித்துச் சரிக்கட்ட முடியாது. போத்தலை எப்போதும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

கஞ்சி நல்லதுதானே என்பீர்கள். வெறும் கஞ்சியில் மாவுச்சத்துதான் அதிகம். இப்போது அவருக்கு வேண்டியது புரதம், நாளைக்குக் குறைந்தது 60 கிராம். போதாமல் போனால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும். எந்தக் கட்டத்தில் எதை அந்தத் தாள் அனுமதிக்கிறதோ, அதற்குள் அவித்த மீன், முட்டை, தோஃபு, தயிர், மசித்த பருப்பு ஆகியவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். சியாக்காப் மீனை ஆவியில் வேகவைத்து முள் நீக்கி மசித்துக் கொடுத்தால் அது இரண்டு கரண்டிதான் இருக்கும். அதுதான் அவருடைய மதியச் சாப்பாடு. அதற்கே அரை மணி நேரம் ஆகும்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே இடிக்கும். நாம் வாழை இலையில் சாதம், குழம்பு என்று தொடங்கி ரசத்தில் கரைத்து மோரில் முடிப்போம். பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் இருக்கும். அவர் சாப்பிடும்போது எதையும் குடிக்கக்கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். உள்ளே இடமில்லை, அவ்வளவுதான் காரணம். சாதமும் ரொட்டி சனாயும் உருண்டு திரண்டு அடைத்துக்கொள்ளும். காய்ந்த கோழி நெஞ்சுக்கறியும் அப்படித்தான். அடைத்துவிட்டால் நெஞ்சுக்குள் கல் நிற்பதுபோல் வலிக்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். அந்த நேரத்தில் நம் கை தானாகத் தண்ணீரை நீட்டும், நீட்டாதீர்கள். அடைத்ததன்மேல் தண்ணீர் ஊற்றினால் வலிதான் கூடும். எழுந்து நிற்கட்டும், மெல்ல நடக்கட்டும்; தானாக இறங்கிவிடும், அல்லது வாந்தியில் வந்துவிடும். அன்று முழுக்க வேறு கெட்டி உணவு வேண்டாம். எதுவுமே உள்ளே இறங்காமல் போனால் மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள்.

அடைக்காமல் இறங்குவதுதான் பெரிய வம்பு. தே தாரிக், மைலோ, ஐஸ்கிரீம், பாயசம் எல்லாம் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எத்தனை கோப்பை போனாலும் வயிறு 'போதும்' என்று சொல்லாது. அறுவை சிகிச்சையையே தோற்கடிக்கக் கெட்டிப்பால் ஒன்று போதும். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பு நேராகக் குடலில் போய் விழுவதால், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிற்றைப் புரட்டி வயிற்றோட்டமும் வரலாம். மாமாக் கடையில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் 'தே ஓ கோசோங்' சொல்லட்டும், அதுவும் ஆறவிட்டு. 'ஒரு வாய்தானே' என்ற வார்த்தையை இரண்டு மாதத்துக்கு நீங்கள் மறந்துவிட வேண்டும்.

இனி அக்கம்பக்கத்தாரைப் பற்றி. 'இது சோம்பேறிகளின் குறுக்குவழி' என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தபோது முதலிடத்தில் இந்தியர்கள். இனிப்பு நீரிலும் நாமேதான் முதல். இவ்வளவு பேரும் சோம்பேறிகள் என்றால் இரப்பர்த் தோட்டத்திலிருந்து சுங்கை வே தொழிற்சாலை வரை உழைத்தது யார்? பரம்பரை, தூக்கமில்லாத ஷிப்ட், மலிவாகக் கிடைக்கும் எண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலை இது. நமக்கு வயிற்றைச் சுற்றித்தான் கொழுப்பு சேரும். எடை குறைவாக இருக்கும்போதே நோய் வந்துவிடும். அதனால்தான் 2022-இல் அனைத்துலக மருத்துவச் சங்கங்கள் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, மற்றவர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 35 என்றும், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும் சொன்னார்கள். இந்திய அரசியல் தலைவர்கள் நிதின் கட்காரி 2011-இலும் அருண் ஜெட்லி 2014-இலும் செய்துகொண்டார்கள். இருவருக்கும் நீரிழிவு இருந்தது. சுங்கை வேயிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் பக்கம் கொஞ்ச தூரம் போனால் வரும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இந்தச் சிகிச்சை நடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்காக இதைச் சின்ன விஷயம் என்றும் சொல்லமாட்டேன். 2024 ஏப்ரலில், சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன 26 வயதுப் புதுச்சேரி இளைஞர் இறந்துபோனார். தமிழ்நாடே அதைப் பேசியது. தேர்ந்த இடத்தில், தேர்ந்த குழுவிடம் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் ஆபத்தே இல்லை என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

ஆகவே பெரியம்மா, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் தோள்பட்டை வலிக்கும். அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் வருவது அது, நடக்க நடக்கத் தணியும். ஆனால் அந்த வலியோடு காய்ச்சலோ, ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதோ, வயிற்றுவலி ஏறிக்கொண்டே போவதோ, மூச்சுத் திணறலோ இருந்தால், தையலில் கசிவு இருக்கலாம், நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே. 'வாயுதான்' என்று ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்துக் காலை வரை காத்திருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்குப் போங்கள், அறுவை சிகிச்சை நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். உடலில் வைட்டமின் பி1 இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குமேல் தாங்காது. அது தீர்ந்தால் மூளையையே பாதிக்கும்.

மாத்திரை விஷயத்தில் ஒரு வார்த்தை. எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கிவிடுவது உண்டு. பழைய அளவில் இன்சுலின் போட்டால் மயங்கி விழ நேரிடும். 'குணமாயிருச்சு' என்று தானாக நிறுத்துவதும் தப்பு. அளவை மருத்துவர் மாற்றித் தருவார். உங்கள் முட்டிவலிக்கு வாங்கிவைத்திருக்கும் பொன்ஸ்தானை அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு அது உள்ளே புண்ணை உண்டாக்கலாம். வைட்டமின் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. கல்யாணமான பெண் என்றால் ஒன்று, ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். 'விசேஷம் உண்டா' என்று கேட்கும் வழக்கத்தையும் அதுவரை தள்ளிவையுங்கள். (அதற்குப் பிறகும் கேட்காமல் இருந்தால் நல்லதுதான்.)

சுங்கை வே என்றால் பலருக்குப் பீர் ஆலைதான் நினைவுக்கு வரும் என்பதால் இதையும் சொல்கிறேன். சிகிச்சைக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறும், மெல்லத்தான் இறங்கும். பைபாஸ் செய்தவர்களிடம் இரண்டாம் ஆண்டில் குடிப்பழக்கம் கூடியதை 2012-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. சாப்பாட்டில் தேடிய ஆறுதலை வேறொன்றில் தேடும் மனம் அது. வீட்டு ஆண்கள் இதைப் படித்தால் நல்லது.

மூன்றாவது வாரத்தை ஒட்டிப் பலருக்குத் தராசு அசையாமல் நின்றுவிடும். முதலில் கிடுகிடுவென்று குறைந்ததில் கணிசமான பங்கு தண்ணீர். உடல் இப்போது தன்னைச் சரிப்படுத்திக்கொள்கிறது. அந்த நாட்களில் பலர் அழுகிறார்கள். 'ஏன்டா செய்தோம்' என்று நடுராத்திரியில் தோன்றும். மூன்றாம் மாதத்துக்கு மேல் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்; பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். இதற்கிடையில் கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு, 'என்னம்மா, முகமே வாடிப்போச்சு, சீனி கூடிப்போச்சா?' என்பார்கள். நம்மவரிடையே இளைத்தால் நோய், பருத்தால் பேச்சு. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை, நீங்கள். 'டாக்டர் சொன்னபடி சாப்பிடுறா, நல்லாத்தான் இருக்கா' என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். சிகிச்சையைப் பற்றி யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பது அவர் முடிவு.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கலாமா, பத்துமலை ஏறலாமா என்றும் வாசகி கேட்டிருக்கிறார். நடப்பது மருத்துவமனையிலேயே முதல் நாளிலிருந்து தொடங்குகிற மருந்து. மாலையில் கெலானா ஜெயா ஏரிப் பூங்காவை அவரோடு சேர்ந்து நீங்களும் சுற்றி வரலாம். 272 படிகளும் ஒருநாள் கைகூடும். ஆனால் முதல் ஆறு வாரத்தில் கனமாக எதையும் தூக்கக்கூடாது, பால்குடமும் அதில் சேரும். தண்ணீரும் புரதமும் நேரந்தவறாமல் போக வேண்டிய நாட்களில் விரதமும் வேண்டாம். நேர்த்திக்கடன் பாக்கி இருந்தால் இந்த வருடம் அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பெரியம்மா. முருகன் ஆள் மாறியதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு உங்கள் வீட்டில் செய்து பார்த்து ஒத்துக்கொண்ட நம் சமையல் எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள். மசித்த பயறோ, மிளகு போட்ட முட்டையோ, தேங்காய்ப்பால் குறைத்த மீன் சொதியோ, எதுவானாலும் சரி. எத்தனையாவது வாரத்தில் ஒத்துக்கொண்டது என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். உணவியல் நிபுணர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே வெளியிடுவோம். அளவு எழுதும்போது மட்டும் தயவுசெய்து 'கொஞ்சம்' என்று எழுதாதீர்கள். எத்தனை கரண்டி என்று எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்