ஓய்வு நேரத்தில் எழுதுகிறாராம்!

தமிழ்நாட்டு மேடைகளிலிருந்து ஒரு வாக்கியத்தை நீக்க எனக்கு அதிகாரம் இருந்தால் இதைத்தான் முதலில் நீக்குவேன்: "குடும்பத்தையும் நன்றாகக் கவனித்துக்கொண்டு, கிடைக்கும் ஓய்வு நேரத்தில் எழுதி வருகிறார்."

போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு சிறிய பாராட்டு விழா. பாராட்டப்பட்டவள் என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இன்று காதலும் மர்மமும் கலந்த தொடர்கதைகளைப் பிரதிலிபியில் எழுதுகிறாள். ஆறு நாவல் முடித்துவிட்டாள். ஏழாவது பாதியில் நிற்கிறது. அன்று பேசிய நான்கு பேரும் இந்த வாக்கியத்தைச் சொன்னார்கள். நான்கு பேரும் ஆண்கள். ஒருவர் கூடுதலாக, "அவங்க வீட்டுல சாப்பாடு ஒருநாளும் தாமதமானதில்லையாம்" என்றார். அரங்கமே கை தட்டியது. அந்த நாவல்களில் ஒன்றையாவது படித்ததாக அவர்களில் யாரும் சொல்லவில்லை.

நண்பர்களே, இது பாராட்டு இல்லை, நிபந்தனை. நீ எழுதலாம், ஆனால் எங்களுக்கு ஒரு வேளைகூடக் குறையக் கூடாது என்பதைச் சால்வையில் சுற்றிக் கொடுக்கிறார்கள். ஓர் ஆண் எழுத்தாளரை மேடையில் வைத்துக்கொண்டு, "ரேஷன் வாங்குவதிலும் தவறவில்லை, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதிலும் தவறவில்லை, மிச்ச நேரத்தில் எழுதினார்" என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கோயம்புத்தூரில் உட்கார்ந்து 1500 நாவல்களுக்கு மேல் எழுதிய ராஜேஷ்குமாரைப் பற்றிப் பேசும்போது அந்த எண்ணிக்கையைச் சொல்லி வியக்கிறோம். அது சரியான வியப்புதான். அவர் வீட்டுச் சாம்பாரைப் பற்றி நாம் விசாரிப்பதில்லை.

அந்த "ஓய்வு நேரம்" எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அவள் நாளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளைகள் இருவரையும் வேனில் ஏற்ற வேண்டும். மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், பிரஷர் மாத்திரை பின்னால். கணவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். காலண்டர் சீசனில் இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வந்து படுப்பார். பத்து மணிக்கு மேல் இவள் போனை எடுத்து உட்காருவாள். ஆமாம், போனில்தான் எழுதுகிறாள், கட்டைவிரலால். உட்கார்ந்ததும் சிலிண்டர் வரும். பிறகு குழுக் கடன் வசூலுக்கு ஆள் வரும். பிறகு பக்கத்து வீட்டு மதினி, "சும்மாதான இருக்க, இந்தப் பிள்ளையச் செத்த நேரம் பாத்துக்கோ" என்று விட்டுவிட்டுப் போவார். உள்ளேயிருந்து, "ஏத்தா, அந்தப் போனையே நோண்டிக்கிட்டு இருக்கியே, மோர் இருக்கா?" என்று குரல் வரும்.

"ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பார்கள். இல்லை. மர்மக் கதை எழுதுவது கூட்டல் கணக்கு மாதிரி, விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. மூன்றாம் அத்தியாயத்தில் ஈரக் குடையோடு ஒருவன் வீட்டுக்குள் வந்தால், இருபத்தேழாம் அத்தியாயத்தில் அந்த ஈரத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். யாருக்கு எது தெரியும், எப்போது தெரியும், யாரிடம் மறைத்தார்கள் என்பதையெல்லாம் ஒரே நேரத்தில் மனசில் தாங்க வேண்டும். காதலும் சேர்ந்துவிட்டால் இன்னும் சிக்கல். கதாநாயகி எவன்மேல் ஆசைப்படுகிறாளோ அவன்மேலேயே சந்தேகமும் வர வேண்டும். ஆசை கொஞ்சம் கூடினால் மர்மம் போச்சு, சந்தேகம் கொஞ்சம் கூடினால் காதல் போச்சு. இந்தத் தராசைப் பிடித்துக்கொண்டிருப்பவளை மோர் எடுக்க எழுப்பினால் போகிறது இரண்டு நிமிடம் இல்லை, அந்தக் காலைப்பொழுது முழுவதும்.

"வீடுன்னா அப்படித்தான் டீச்சர், சத்தம் இல்லாம இருக்குமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். வீட்டுக்கு அமைதியாக இருக்கத் தெரியும். இரவு ஷிப்ட் முடித்து அவள் கணவர் தூங்கும்போது அந்த வீட்டில் பாத்திரம்கூடச் சத்தம் போடாது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிள்ளை படித்தால் டிவி ஓடாது. நான் முப்பத்து மூன்று வருடம் ஆசிரியை. வீட்டுக்குப் பரீட்சைப் பேப்பர் கட்டு கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில்தான் திருத்தினேன். "டீச்சர் பேப்பர் திருத்துறாங்க, சத்தம் போடாதீங்க" என்று தெருப் பிள்ளைகளை விரட்டியவர் என் மாமியார். அதே மாதிரி மேஜை, அதே மாதிரி பேனா. எனக்குக் கிடைத்த அந்த அமைதி ஏன் என் மாணவிக்குக் கிடைக்கவில்லை? என் வேலைக்கு மாதம் பிறந்தால் அரசுச் சம்பளம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே வீட்டில் அமைதி இல்லை என்று சொல்லாதீர்கள். அமைதி இருக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று வீடு முடிவு செய்து வைத்திருக்கிறது.

இந்த இடத்தில் யாராவது வை.மு.கோதைநாயகி அம்மாளை இழுத்துக்கொண்டு வருவார்கள். "அந்தக் காலத்துலயே அந்தம்மா எழுதலையா? மனசிருந்தா மார்க்கம் உண்டு." சரி, அவரையே பார்ப்போம். 1901-இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. 115 நாவல்கள். காதல், மர்மம், குடும்பச் சிக்கல் எல்லாம் கலந்து வாசகரைக் கட்டிப்போட்ட கதைகள். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையைக் கையில் எடுத்து ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். அவர் எழுதிய 'தயாநிதி'தான், அவர் இறந்த பிறகு 1966-இல் 'சித்தி' என்ற படமாக வந்தது.

ஆனால் அவர் தனியாக மார்க்கம் கண்டுபிடித்தாரா? எழுத்துக் கைகூடாத அந்த ஆரம்ப நாளில் அவர் சொல்லச் சொல்ல, முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை எழுதிக் கொடுத்தவர் பட்டம்மாள் என்ற தோழி. நாடகங்களுக்கு அழைத்துப்போய், எழுத்துக்கும் பத்திரிகைக்கும் பின்னால் நின்றவர் கணவர் பார்த்தசாரதி. அதாவது அவருக்கு மனசும் இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள். நாம் மனசை மட்டும் உதாரணம் காட்டுகிறோம். மனிதர்களைப் பற்றி மூச்சு விடுவதில்லை, ஏனென்றால் அது நம் பக்கம் வேலை வைக்கும். இன்னொன்றும் உண்டு. விடுதலைப் போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோதும் அந்த அம்மாள் நாவல் எழுதினார். சிறையை நான் புகழவில்லை. ஆனால் ஜெயிலில் நாவல் எழுத முடியும், நம் வீட்டில் ஓர் அத்தியாயம் எழுத முடியாது என்றால் எதைத் திருத்த வேண்டும் என்று யோசியுங்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அறுபத்தாறு துப்பறியும் நாவல்கள் எழுதிய அகதா கிறிஸ்டி, படிவங்களில் தொழில் என்ற இடத்தில் 'திருமணமான பெண்' என்றே எழுதிவந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். தனியாக எழுதும் அறை என்று ஒன்று இல்லாமல் கைக்குக் கிடைத்த மேஜையில் எழுதியவர். காதலும் திகிலும் கலந்த நாவலுக்கு இன்றும் உலகம் உதாரணம் காட்டும் 'ரெபெக்கா' 1938-இல் வந்தது. அதை எழுதிய டாஃப்னி டூ மொரியேவின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தார். ஒவ்வொரு நாவலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். நின்றவரும் எழுதியவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று நாம் பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம்.

அடுத்து, "என்ன பெரிய இலக்கியமா எழுதுறா? காதல், கொலை, சந்தேகம்... இதுக்குக் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணுமா?" என்ற கேள்வி. அவள் எழுதுவது இலக்கியமா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நான் திருத்திய காலாண்டுப் பரீட்சைப் பேப்பரும் இலக்கியம் இல்லை. வேலைக்கு நேரம் வேண்டும், அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டாசு ஆபீஸில் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வேனில் திரும்பும் பெண்கள், அடுத்த அத்தியாயம் வந்துவிட்டதா என்று போனைத் திறந்து பார்க்கிறார்கள். அந்த அலுப்பிலும் அவர்களைப் படிக்கவைக்கிற எழுத்தை மட்டமாகப் பேச எனக்கு வாய் வராது. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பாடுபட்டவளுக்கு அதன் அருமை தெரியும்.

"அதுல என்ன வருது?" என்பது கடைசி அம்பு. கொஞ்சம் வருகிறது. போன வருடம் மூத்தவனின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பகுதி அதிலிருந்துதான் கட்டப்பட்டது. ஆனால் வீட்டில் அதற்குப் பெயர் "கைச்செலவுக்காசு".

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. இந்தத் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கம் எத்தனை தலைமுறைப் பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினார்கள், காகிதக் குழாய் உருட்டினார்கள்? குரோஸ் கணக்கில் கூலி. அந்தக் காசில் கம்மல் மீண்டது, பிள்ளை படித்தது. கேட்டால், "சும்மா இருக்கிற நேரத்துல ஒட்டுறா" என்றார்கள். வேலை என்று ஒப்புக்கொண்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டி வரும், ஆபத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும், நேரத்தைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதனால் "சும்மா". இன்று அந்தச் சொல் தீப்பெட்டியிலிருந்து இறங்கி எழுத்துமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆளை மாற்றிக்கொண்டதே தவிர வேலையை மாற்றிக்கொள்ளவில்லை.

ஊகமாகப் பேசவில்லை. 2024-ஆம் ஆண்டின் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 289 நிமிடம். வீட்டுவேலை செய்யும் ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். குழந்தையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக் கணக்கு. தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது அதை உதவித் தொகை என்று சொல்லவில்லை, மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. சம்பளமில்லாத வீட்டுவேலையும் வேலைதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் கூடத்துக்கு மட்டும் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை.

எல்லாக் குறுக்கீட்டையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. நம் பகுதியில் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் எல்லாரும் தெருவுக்கு வந்து எந்தத் திசையில் புகை என்று பார்க்கிறோம். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்தை மறந்தவர் இங்கே இல்லை. அந்தச் சத்தத்துக்கு அவளும் எழுந்து ஓடத்தான் செய்வாள், ஓடத்தான் வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாவல் காத்திருக்கும். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நான் கேட்பது மோருக்கும், கரண்ட் பில் சீட்டைத் தேடுவதற்கும், "சும்மாதான இருக்க" என்பதற்கும் அவளை எழுப்ப வேண்டுமா என்பதுதான்.

இதை இவ்வளவு காரமாக எழுதக் காரணம் இருக்கிறது. விழா முடிந்து சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே அவள் என்னிடம் சொன்னாள்: "டீச்சர், இந்தக் கதையோட நிறுத்திக்கிறேன். ஆபீஸ்ல கணக்கு எழுத வரச் சொல்றாங்க. அங்க போனாலாவது யாரும் கூப்பிட மாட்டாங்க." வேலைக்குப் போவது அவள் விருப்பம், தாராளமாகப் போகட்டும். ஆனால் ஒரு நாற்காலியில் தொடர்ந்து உட்கார ஒரு பெண் வீட்டை விட்டு வெளியேறித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வீட்டில் இருக்கும் நாம் எல்லாரும் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் நான் கேட்பவை இவைதான்.

ஒன்று: உங்கள் வீட்டில் எழுதும் பெண் இருந்தால் காலையில் இரண்டு மணி நேரம் அவளுடையது. கதவு இருந்தால் சாத்துங்கள், இல்லையென்றால் வாயைச் சாத்துங்கள்.

இரண்டு: அந்த இரண்டு மணி நேரம் வாசலுக்கு வருகிறவர்களுக்கு வேறொருவர் பதில் சொல்லட்டும். சிலிண்டருக்குக் காசு கொடுக்க நாவலாசிரியர் தேவையில்லை.

மூன்று: "சும்மாதான இருக்க" என்று கேட்கும் உறவினரிடம், "இல்ல, வேலையா இருக்கா" என்று சொல்லுங்கள். கணவர் வாயிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

நான்கு: மேடையில் பேசக் கூப்பிட்டால், முந்தின நாள் ராத்திரி ஓர் அத்தியாயமாவது படித்துவிட்டுப் போங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசத்தான் ஆசை என்றால் அதற்குப் பந்தி இருக்கிறது.

அவளுடைய ஏழாவது நாவல் நாற்பத்தோராம் அத்தியாயத்தில் நிற்கிறது. கதாநாயகி ஒரு பூட்டிய அறைக்கு வெளியே நிற்கிறாள், உள்ளே யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தயவுசெய்து யாரும் அவளைக் கூப்பிடாதீர்கள்.