பாட்டியின் ஒப்பாரியும் பேரனின் பாட்டும்

வீட்டில் விளையாட்டுக்காகக்கூட ஒப்பாரி இழுத்தால் அம்மா வாயிலேயே போடுவாள். விளக்கு வைக்கிற நேரமாயிருந்தால் கேட்கவே வேண்டாம்! பாகூர், வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் இதே கதைதான். நடவுப் பாட்டையும் தாலாட்டையும் சளைக்காமல் பாடிக் காட்டுகிற கிழவி, ஒப்பாரி என்றதும், "சாவு வீடா இது? போ, போ!" என்று விரட்டிவிடுவாள்.

அந்த ஒப்பாரியைக் கொண்டுபோய், இளவட்டங்கள் ஆடிப் பாடும் ஒரு பாட்டுப் படத்தில் வைப்பதென்றால் எத்தனை துணிச்சல் வேண்டும்! 2021 மார்ச்சில் வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' அதைத்தான் செய்தது. அரக்கோணத்துக்காரரான தெருக்குரல் அறிவும், தீ என்ற பாடகியும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு; படத்தை இயக்கியவர் அமித் கிருஷ்ணன்.

ஹிப்ஹாப் என்றால் ஏதோ வாய் ஓயாத பேச்சு என்று நினைக்கிறீர்களா? 1973 வாக்கில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞர்களிடையே பிறந்த கலை அது. பின்னால் பணம் சேர்ந்ததும் அதன் படங்களில் நீள நீளமான கார்களும், கழுத்து நிறையத் தங்கச் சங்கிலியும் வந்துவிட்டன. நம் பிள்ளைகளிலும் பலர் சங்கிலியைத்தான் முதலில் காப்பியடித்தார்கள்!

அறிவோ, தம் பாட்டி வள்ளியம்மாளை அழைத்து வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியா திரும்பியவர் அந்த அம்மாள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று ஆட்டு மந்தையைப் போலக் கணக்குப் போட்டார்களே, நினைவிருக்கிறதா? காடு திருத்திக் கழனி செய்தவனுக்குக் கையகல நிலமில்லை என்பதுதான் பாட்டின் சாரம். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்கிறோம். அங்கே சேற்றில் இறங்கி நாற்று நடும் பெண்களில் எத்தனை பேர் பெயரில் பட்டா இருக்கும், சொல்லுங்கள்!

ஆட வந்தவர்கள், "அழுகை எதற்கு?" என்று எழுந்து போயிருக்கலாம். அழுதவர்களோ, "எங்கள் துக்கத்தைக் கூத்தாக்கினாயே!" என்று சீறியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. யூடியூபில் 40 கோடித் தடவைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். தீயின் உடையலங்காரம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பாட்டி வந்து அமர்ந்ததும் அதெல்லாம் மறந்து போகிறது.

வெற்றி வந்தால் வழக்கும் வருமல்லவா? மெட்டு யாருடையது என்று 2022-ல் அறிவும் சந்தோஷ் நாராயணனும் ஆளுக்கொரு அறிக்கை விட்டார்கள். 2024-ல், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார் சந்தோஷ் நாராயணன். கூலிக்கு மாரடிக்கிறவர்களுக்குக்கூட அன்றைக்கே கூலி கிடைத்துவிடுமே!

இன்னும் பார்க்கவில்லையென்றால் வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். கைப்பேசியில் போட்டுக் காட்டுவான். விளக்கு வைக்கும் நேரமாயிருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்துப் போடச் சொல்லுங்கள். மாமியார் காதில் விழுந்துவிடப் போகிறது!