விவசாயி கப்பல்ல போகக் கூடாதா?

மே மாசம் பதிவு எதுவும் வரலையேன்னு சிலர் கேட்டிருந்தீங்க. ஊர்ல இல்லை. ஜெர்மனியில வேலை பார்க்கிற மகள் எங்க ரெண்டு பேரையும் ரைன் ஆத்துல கப்பல் பயணம் கூட்டிட்டுப் போனா. சுவிட்சர்லாந்து பாசல்ல ஏறி, நெதர்லாந்து ஆம்ஸ்டர்டாம்ல இறங்கினோம். ஏழு ராத்திரி.

"நட்டம்னு புலம்புறவரு கப்பல்ல போறாரு பாரு"ன்னு டீக்கடையில பேச்சு. செலவு மகளோடது. என் காசா இருந்தாலும் போயிருப்பேன். மாசச் சம்பளக்காரர் போனா சுற்றுலா, சம்சாரி போனா ஊதாரித்தனமா? உளுந்து எடுத்தாச்சு, மாட்டைத் தம்பி வீட்டுல விட்டாச்சு. மேட்டூர் திறக்கிற ஜூன் 12 வரைக்கும் வயல்ல எனக்கு என்ன வேலை? உழைக்கிறவனுக்கு ஓய்வு வேணும். இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

கப்பல்னதும் கடலை நினைச்சு என் வீட்டுக்காரம்மா பயந்தாங்க. ஆத்துல அலையும் இல்லை, குமட்டலும் இல்லை. ரெண்டு பக்கமும் கரை கூடவே வருது. காலையில காபி குடிச்சிட்டு மேல்தளத்துல உட்கார்ந்தா ஊர், தேவாலயம், கோட்டைன்னு ஒவ்வொண்ணா நம்மைத் தேடி வருது. ஏழு நாள்ல ஏழு நாடுன்னு பஸ்ல ஓடுற சுற்றுலாவைவிட வயசானவங்களுக்கு இது எவ்வளவோ மேல். பெட்டியை ஒரே தடவை பிரிச்சா போதும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மதகுகள்தான். பாசலுக்குக் கீழே இஃபெத்சைம் வரை பத்து இருக்கு. கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணியை வடிச்சு, கீழ்மட்டத்துக்கு மெதுவா இறக்கி விடுறாங்க. நம்ம மதகு தண்ணியை இறக்கும், இது கப்பலையே இறக்குது! மத்தவங்க சாப்பிடப் போனப்போ நான் மட்டும் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

ரூடஸ்ஹைம்ல இருந்து கோப்லென்ஸ் வரை உள்ள 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002-ல உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சிருக்கு. எல்லாரும் கோட்டைகளைப் படம் எடுத்தாங்க. என் கண்ணு திராட்சைத் தோட்டத்துலயே நின்னுச்சு. சுவர் மாதிரி செங்குத்தான சரிவு. அதுல கல்லை அடுக்கி, படிப்படியா வரப்பு கட்டி, கொடி வச்சிருக்காங்க. பல இடத்துல டிராக்டர் ஏறாது, கைவேலைதான். கட்டுப்படி ஆகாம விட்டுட்டுப் போனவங்களும் நிறைய. அப்படி விட்ட இடமெல்லாம் புதர் மண்டிக் கிடக்கு. அங்கேயும் நம்ம கதைதான்!

பயணி "ஆகா, என்ன அழகு"ன்னு பார்க்கிற அந்தச் சரிவு இயற்கையா வந்தது இல்லை. பல தலைமுறை விவசாயிங்க முதுகொடிஞ்சு கட்டினது. அவன் கைவிட்டா அந்த அழகும் போயிடும்.

தண்ணிக்கும் அதே கதைதான். 1986 நவம்பர் 1-ஆம் தேதி பாசல் பக்கத்துல ரசாயனக் கிடங்கு ஒண்ணு தீப்பிடிச்சுது. தீயை அணைக்க அடிச்ச தண்ணியோட பூச்சிமருந்து ஆத்துல கலந்து, தண்ணி சிவப்பாப் போச்சு. விலாங்கு மீன் கூட்டம் கூட்டமா செத்து மிதந்துச்சு. அடுத்த வருஷமே கரையோர நாடுங்க சேர்ந்து, 2000-க்குள்ள சால்மன் மீனைத் திரும்பக் கொண்டு வரணும்னு திட்டம் போட்டாங்க. ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தினாங்க, மீன் ஏறிப்போக அணையில வழி வச்சாங்க. கிளையாறுகள்ல சால்மன் திரும்பவும் முட்டை போடுது. ஆத்துல விழுற சாக்கடைக்கு மாநிலம் தெரியாது, நாடு தெரியாது. சண்டை போட்டுக்கிட்ட நாடுங்களே உட்கார்ந்து பேசியிருக்காங்க. காவிரித் தண்ணியில பயிர் வைக்கிறவன் நான், எனக்கு இதைப் பார்த்துப் பொறாமை வராதா?

அங்கேயும் எல்லாம் முடிஞ்சுடலை. 2018-லயும் 2022-லயும் வறட்சியில ஆறு வத்தி, சரக்குக் கப்பலெல்லாம் முழுச் சுமை ஏத்த முடியாம ஓடுச்சு. எவ்வளவு பெரிய கப்பலும் தண்ணி இருந்தாத்தான் நகரும்.

நகரத்து நண்பர்களே, வசதி இருந்தா ஒரு தடவை போயிட்டு வாங்க. அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. கப்பல்லயே மூணு வேளையும் சாப்பாடு கிடைக்குதுன்னு கரையோர ஊரைச் சும்மா சுத்திட்டு வந்துடாதீங்க. இறங்குற ஊர்ல விளைஞ்சதை ஏதாவது வாங்குங்க. நாங்க ரெண்டு பாட்டில் திராட்சைச் சாறு வாங்கினோம். அந்தச் சரிவுல நிக்கிறவனுக்கு நாலு காசு போனாத்தான் அடுத்து வர்றவங்களுக்கும் அந்தக் காட்சி இருக்கும். எங்க ஊர்ப் பச்சை வயல்ல நின்னு படம் எடுக்கிறவங்களுக்கும் இதையேதான் சொல்வேன். அரிசியும் வாங்கிட்டுப் போங்க.