ஓட்டைத் தொட்டியை ஒதுக்காதீர்!

கடல்மீன் வளர்ப்பு பணக்காரர் பொழுதுபோக்கு என்று நம் மாணவர்கள் ஒதுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ துளையிட்ட பழைய மீன் தொட்டி மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள். கடல்நீர்த் தொட்டிக்கு அந்த ஓட்டைதான் மூலதனம்.

மேல்தொட்டி நீர் துளைவழியே கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே வடிகட்டியதும் மோட்டார் அதை மேலேற்றும். கீழே வைக்கச் சாதாரணப் பழைய தொட்டி போதும். கண்ணாடித் தடுப்புகளைச் சிலிக்கோனால் ஒட்டிக்கொள்ளலாம்.

மின்சாரம் தடைப்பட்டால்? இடிமழைக்குப் பழகிய தோட்டத்துப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். மோட்டார் நின்றாலும் மேலிருந்து கொஞ்சம் நீர் இறங்கத்தான் செய்யும். கீழ்த்தொட்டியில் அதற்கு இடம் விடாவிட்டால் உப்புநீர் வரவேற்பறையில் ஓடும். அம்மாவின் பாட்டு தனி!

முன்பு செப்பு கலந்த மீன் மருந்து ஊற்றினார்களா என்றும் விசாரியுங்கள். இறால், பவளங்களுக்கு அது நஞ்சு. துளையில்லாத தொட்டியை நீங்களே துளைக்க நினைத்தால், அது டெம்பர் கண்ணாடியா என்று பாருங்கள். ஆமெனில் நொறுங்கிவிடும்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல கடல் உப்புக் கலவை வாங்கலாம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வேண்டும். பவளத்துக்காக மட்டும் லங்காவிக்குத் தெற்கேயுள்ள புலாவ் பாயாரில் கைவைக்காதீர்கள். அது கடல் பூங்கா; 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி அங்கே பவளம் எடுப்பது குற்றம்.