பொம்மைத் துப்பாக்கியும் ஆரஞ்சு மூக்கும்

புனேயில் எங்கள் அபார்ட்மென்ட் பசங்களுக்குப் புதுசா ஒரு பைத்தியம் பிடிச்சிருக்கு. நெர்ஃப் துப்பாக்கி தெரியுமில்லையா, ஸ்பாஞ்சு குண்டு சுடுமே, மஞ்சளும் நீலமுமா... அதை வாங்கி, பெயின்ட் அடிச்சு, விண்வெளிப் படத்துல வர்ற துப்பாக்கி மாதிரி ஆக்குறது. "காசு கொடுத்து வாங்கின சாமானை ஏன்டா நாசம் பண்றீங்க?"ன்னு அப்பாக்கள் எல்லாம் கத்துறாங்க. நான் பசங்க கட்சி. ஒரே ஒரு விஷயத்துல மட்டும் அப்பாக்கள் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சினிமாக்காரங்களும் இதைத்தானே செஞ்சாங்க? 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்துக்குங்க. லூக்கோட ஒளிவாளின் கைப்பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் காமிரா ஃபிளாஷோட பிடி. ஹான் சோலோ இடுப்பில் தொங்குவது ஜெர்மனியின் மவுசர் பிஸ்டல், மேலே ஒரு தொலைநோக்கி மாட்டினது. வெள்ளைக் கவசம் போட்ட படைவீரர்கள் தூக்கிக்கிட்டு ஓடுறது இங்கிலாந்தின் ஸ்டெர்லிங். இதுல ஒரு தமாஷ் என்னன்னா, அதே ஸ்டெர்லிங்கைத்தான் கார்பைன் என்ற பேரில் நம்ம கான்பூரில் தயாரிச்சாங்க. காவலுக்கு நிற்கிற போலீஸ்காரர் தோளில் பார்த்திருப்பீங்க, பக்கவாட்டில் வளைஞ்ச மேகசின் நீட்டிக்கிட்டு இருக்குமே, அதேதான்! குழல் மேல சில பிளாஸ்டிக் பட்டைகளை ஒட்டி அதை வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பிட்டாங்க :-)

பசங்க செய்யறதைப் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, அசந்துடுவீங்க. ஸ்க்ரூ கழட்டுறதுக்கு முன்னாடியும், திறந்த உடனேயும் செல்போன்ல ஒரு படம். இல்லேன்னா உள்ளே இருக்கிற ஸ்பிரிங் எகிறி சோபாவுக்கு அடியில் போயிடும், எது எங்கே இருந்ததுன்னு பிரம்மாவுக்கே தெரியாது. கம்பெனி பேரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பளபளப்பு போனாத்தான் பெயின்ட் பிடிக்கும். அப்புறம் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாமே மெலிசா ரெண்டு மூணு தடவை. ஒண்ணோடொண்ணு உரசி நகர்ற பாகங்களில் பெயின்ட் பட்டா சிக்கிக்கும், அதனால அங்கே டேப் ஒட்டிடணும். ஷாம்பூ மூடி, பேனா மூடி, உடைஞ்ச ரிமோட் பட்டன் எல்லாம் எம்-சீல் வைத்து ஒட்டினா அணு உலை ரெடி. கடைசியில் பிரஷ்ஷில் வெள்ளிப் பெயின்ட் தொட்டு, அதைப் பழைய துணியில் துடைச்சுட்டு, மிச்சத்தை விளிம்புகளில் மட்டும் இழுக்கணும். நாலு யுத்தம் பார்த்த இரும்பு மாதிரி ஆயிடும். கோச்சிங் கிளாஸ்ல இதையெல்லாம் யாரு சொல்லித் தர்றா? (ஸ்ப்ரேயை மொட்டை மாடியில் அடிக்கச் சொல்லுங்க. பால்கனியில் அடிச்சா தங்கமணிகள் கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.)

ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற விடாதீங்க. வேகம் கூடினா ஸ்பாஞ்சு குண்டும் கண்ணைக் கெடுக்கும்.

இப்போ அப்பாக்கள் கட்சி. துப்பாக்கி முனையில் இருக்கிற ஆரஞ்சு நிறத்துக்கும் கருப்பு அடிக்கிறானுங்க. "அப்பதான் அங்கிள் ஒரிஜினல் மாதிரி இருக்கும்"ங்கிறான் ஒரு பொடியன். அது அழகுக்கு வச்ச நிறம் இல்லை. இது பொம்மைன்னு தூரத்துல இருந்தே தெரியணும்னுதான் அமெரிக்காவில் 1988-ல் இதுக்குச் சட்டமே போட்டாங்க. 2014 நவம்பரில் அங்கே கிளீவ்லாந்து நகரத்துப் பூங்காவில் தாமிர் ரைஸ்ங்கிற 12 வயசுப் பையனைப் போலீஸ் சுட்டது. வந்து இறங்கின ரெண்டே விநாடியில். அவன்கிட்ட இருந்தது பொம்மைத் துப்பாக்கிதான், முனையில் ஆரஞ்சு இல்லை. மறுநாள் செத்துப் போனான். நம்ம பசங்க அந்த வயசுதானே? மால் வாசலில், மெட்ரோ ஸ்டேஷனில் செக்யூரிட்டிக்காரர் நின்னு யோசிப்பார்னு என்ன நிச்சயம்?

அதனால நான் பசங்ககிட்ட சொன்னது இதுதான்: சினிமாக்காரன் நிஜத் துப்பாக்கியை எடுத்து இந்த உலகத்துல இல்லாத ஒண்ணா மாத்தினான். நீங்க ஏன்டா பொம்மையை எடுத்து நிஜமா மாத்துறீங்க? பச்சைக் குழாய் வைங்க, ஊதா எல்.இ.டி. விளக்கு போடுங்க, செவ்வாய் கிரக எழுத்துன்னு எதையாவது கிறுக்குங்க. மூக்கு மட்டும் ஆரஞ்சாவே இருக்கட்டும். ஒருத்தன் அந்த ஆரஞ்சைச் சுத்தித் தீப்பிழம்பு வரைஞ்சு, இப்போதான் சுட்டதுனால முனை பழுத்திருக்குன்னு கதை கட்டிட்டான். எனக்கு அதுதான் முதல் பரிசு.

பொங்கலுக்கு விமானத்தில் ஊருக்குப் போறவங்க, தாத்தாகிட்ட காட்டணும்னு இதைக் கைப்பையில் வச்சுடாதீங்க. பொம்மைன்னாலும் விடமாட்டாங்க. ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்.