மதிப்பெண் விளைக்கும் பள்ளியும் மாந்தரை விளைக்கும் பள்ளியும்

பள்ளி எதற்கு என்று இற்றைத் தமிழ்ப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். மதிப்பெண் பெறுவதற்கு என்பர். மதிப்பெண் எதற்கு? வேலை பெறுவதற்கு என்பர். பெற்ற வேலையை எதனைக்கொண்டு செய்வது என்று மூன்றாம் வினாவை எழுப்பினாலோ, விடை வராது. அம் மூன்றாம் வினாவிற்கு விடையாக வேண்டுவன இரண்டே: ஒன்று திறன், மற்றொன்று ஒழுக்கம். இவ்விரண்டையும் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, மதிப்பெண்ணை மட்டும் உள்ளே அழைத்துப் பந்தி வைக்கும் பள்ளிகளே இன்று 'புகழ்பெற்ற பள்ளிகள்' எனப் பெயர் பெற்றுத் திரிகின்றன!

சேலம் மாவட்டத்தின் கீழ்ப்பால், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடைப்பட்ட நிலம் கெங்கவல்லி வட்டம். வெண்மையெனும் பொருள்படும் வடசொல்லால் 'சுவேத நதி' என வழங்கும் ஆறு, கொல்லிமலையில் தோன்றித் தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் வழியே செல்கின்றது. மரவள்ளியும் மஞ்சளும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவர் வாழும் நிலம் இது. கிழங்கு விற்ற பணத்தையும், கைவளையலை அடகு வைத்த பணத்தையும் இவ்வுழவருட் பலர் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றனர்? நாமக்கல், இராசிபுரப் பக்கத்து விடுதிப் பள்ளிகளில்! பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளையைப் பெட்டி படுக்கையோடு கொண்டுபோய் விட்டுவிட்டு, ஈராண்டு கழித்து ஒரு மருத்துவனாக, ஒரு பொறியாளனாகத் திரும்பப் பெறலாம் என்று கனவு காண்கின்றனர்.

அப்பள்ளிகளுக்கு மக்களே ஒரு பெயர் இட்டனர்: 'பிராய்லர் பள்ளி'! பெயரை இட்டவரும் மக்களே. பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்தவரும் மக்களே. ஓடவிடாது, ஞாயிற்றின் ஒளி படவிடாது, நேரத்திற்குத் தீனி, நேரத்திற்கு நிறுவை என்று வளர்க்கப்படும் பறவைக்குத் தன் சிறகு எதற்கென்றே தெரியாது. ஈராண்டு விடியற்காலை முதல் இரவு வரை ஒரே நூலை உருவேற்றிய பிள்ளைக்கும் தன் கை எதற்கென்று தெரியாது.

நூலை உருவேற்றுதல் கூடப் பெரிய குற்றமன்று. அதனினும் கொடிய குற்றம் ஒன்று உண்டு. பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொடாமலே தாண்டிவிட்டு, ஈராண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே நடத்துதல் பல தனியார் பள்ளிகளில் எழுதாத சட்டமாக இருந்தது. 2007-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு ஒழிக்கப்பட்டது. சிற்றூர்ப் பிள்ளைகளின் நன்மை கருதிச் செய்யப்பட்ட நல்ல செயல் அது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒன்றே வாயிற்காவலன் ஆனதும், அக் காவலனை விலைக்கு வாங்கும் வாணிகம் கொழுத்தது. இதனைத் தடுக்கவே 2017-இல் மாநில அளவிலான முதன்மை இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்பிற்கும் அரசுப் பொதுத் தேர்வு கொண்டுவரப்பட்டு, 2018-இல் முதன்முறை நடைபெற்றது. அவ்வாண்டிலேயே, உயர்கல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும் என்று அத்தேர்வின் பல் பிடுங்கப்பட்டது. 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி அத்தேர்வே நீக்கப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைக்க என்பது அரசு கூறும் கரணியம். சுமை குறையட்டும், குறைய வேண்டுவதே. ஆனால் காவல் நீங்கிய தோட்டத்தில் பழைய கள்வர் மீண்டும் புகார் என்பதற்கு எவர் பிணை?

எண்ணிப் பாருங்கள், பெற்றோரே! பதினோராம் வகுப்பு என்று வருகைப் பதிவேட்டில் எழுதப்படுகின்றது. நடப்பதோ பன்னிரண்டாம் வகுப்பு. மேலாய்வுக்கு அலுவலர் வரும் நாளில் எந்த நூலை மேசைமேல் வைக்கவேண்டும், எந்த நூலை மறைக்கவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லித் தரப்படுகின்றது. செய்யாத செய்முறையைச் செய்ததாகக் குறிப்பேட்டில் படியெடுத்து எழுதப் பணிக்கப்படுகின்றது. சுவரில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதியிருக்கின்றது. சுவருக்குக் கீழே பொய் பயிற்றப்படுகின்றது! பதினாறு அகவைப் பிள்ளை இவற்றுள் எதனைக் கற்றுக்கொள்ளும்? சுவரையா? செயலையா? ஒழுக்கம் நன்னெறி வகுப்பில் வளர்வதன்று. பள்ளி தன் அன்றாட வினையை எவ்வாறு செய்கின்றது என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்வது. பொய்க் குறிப்பேடு எழுதிப் பழகிய கை, நாளைப் பொறியாளனாகிப் பாலத்திற்குப் பொய் அளவு எழுதும். மருத்துவனாகிப் பொய்ச் சான்று எழுதும். அன்று நாட்டில் நேர்மை இல்லையென்று அழுது என் பயன்? விதைத்தது எவர்?

திருவள்ளுவப் பேராசான் நூலை அடுக்கியுள்ள முறையைக் காண்க. அவர் பொருட்பாலில், அறுபத்தாறாம் அதிகாரமாக வினைத்தூய்மையை வைத்தார். அறுபத்தேழாவதாக வினைத்திட்பத்தை வைத்தார். அதற்குப் பின்னரே அறுபத்தெட்டாவதாக வினைசெயல்வகையை வைத்தார். முதலில் செயல் தூயதாதல் வேண்டும்; அடுத்து அதனை முடிக்கும் உள்ளவுறுதி வேண்டும்; அதன்பின் செய்யும் வகை, அஃதாவது திறன், வேண்டும். இற்றைக் கல்வி வாணிகர் முதலிரண்டையும் கழித்துவிட்டு மூன்றாவதை மட்டும் விற்கின்றனர். 'ஆளுமை வளர்ச்சி', 'மென்திறன்' என்று அதற்குப் புதுப் பெயரும் புது விலையும் இடுகின்றனர். அடிமரம் இல்லாமல் கிளையை மட்டும் வாங்கி வந்து நட்டால் அது எத்தனை நாள் பசுமையாய் நிற்கும்?

2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் நாள், தமிழ்நாட்டு அரசு 'நான் முதல்வன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்குப் பத்து இலக்கம் இளைஞர்க்குத் திறன் அளித்தல் அதன் நோக்கம். நோக்கம் நன்று, பெயரும் நல்ல தமிழ். ஆயினும் திறன் என்பது கல்லூரி முடிவில் ஒட்டவைக்கும் ஒட்டன்று. ஆறாம் வகுப்பிலேயே கையும் கண்ணும் கருத்தும் ஒன்றுசேரப் பழகவேண்டும். தமிழ்நாட்டில் 1978-இல் மேனிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் உடன் தொடங்கப்பட்டது. அப் பிரிவை, படிப்பு வாராப் பிள்ளைகளைத் தள்ளிவிடும் மூலையாக ஆக்கியவர் எவர்? பெற்றோரும் ஆசிரியரும் கூடியே அதனை இழிவாக்கினர். கையால் செய்யும் வினை தாழ்ந்தது, எழுதுகோல் பிடிப்பதே உயர்ந்தது என்னும் ஆரியக் குலவேற்றுமை நஞ்சு, தமிழனின் கல்விக்கூடத்திலும் புகுந்து கிடப்பதன் விளைவு அது.

உடனே, 'அப்படியாயின் 1953-இல் இராசாசி கொண்டுவந்த திட்டம் சரிதானே?' என்று கேட்பார் உளர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, சேலம் நகராண்மைத் தலைவராகவும் இருந்த அவர், முதலமைச்சரானபின் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே படிப்பு. எஞ்சிய நேரத்தில் தத்தம் பெற்றோர் தொழிலைப் பழகுக என்றார். தமிழ்நாடு கொதித்தெழுந்து அதனைக் 'குலக்கல்வி' என்றது. 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது நீங்கியது. அத்திட்டம் கைத்தொழிலைக் கற்பித்ததனால் வெறுக்கப்பட்டதன்று. சிரைப்பவன் மகன் சிரைக்கவும், வெளுப்பவன் மகன் வெளுக்கவும், ஓதுவான் மகன் மட்டும் ஓதவும் வழிவகுத்ததனாலேயே வெறுக்கப்பட்டது. இங்கே கேட்கப்படுவது அதற்கு நேர்மாறானது. எல்லாப் பிள்ளையும் எல்லாத் தொழிலின் அடிப்படையையும் தொட்டுப் பார்க்கவேண்டும். அதன்பின் தனக்கு உகந்ததைத் தானே தேர்ந்துகொள்ளவேண்டும். பிறப்பு தேர்வதைப் பிள்ளை தேர்வதாக மாற்றுவதே உண்மைத் தொழிற்கல்வி.

இதற்குக் கெங்கவல்லி வட்டத்திலேயே கருவூலம் கிடக்கின்றது. தம்மம்பட்டி மரச்சிற்பம் நாடறிந்தது. வாகை மரத்தில் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு அங்குள்ள சிற்பியர் வடிக்கும் உருவங்கள் கடல் கடந்தும் செல்கின்றன. முகத்தின் நீளத்தை அளவுகோலாகக் கொண்டு முழு உருவத்தையும் பகுத்துக்கொள்ளும் சிற்பிக்கு, விகிதக் கணக்கு விரல் நுனியில் நிற்கின்றது. அவ் விகிதத்தைக் கரும்பலகையில் கண்டு அஞ்சும் பிள்ளைகள், சிற்பக் கூடத்திற்குச் சில கல் தொலைவிலேயே படிக்கின்றனர். எந்தப் பள்ளியாவது அச் சிற்பியை ஒருநாள் வகுப்பறைக்கு அழைத்து, 'இவரும் ஆசிரியர்' என்று இருக்கை இட்டதுண்டா? உளி பிடிப்பது ஒரு குலத்திற்கு எழுதிவைத்த உடைமையன்று. உழவன் மகளும் பிடிக்கலாம், வணிகன் மகனும் பிடிக்கலாம்.

மரவள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கின் விலை வெறும் எடையால் மட்டும் அமைவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தைப் 'பாயிண்ட்' எனப்படும் புள்ளியால் அளந்து, புள்ளிக்கு இத்தனை உருபா என்று அறுதியிடுகின்றனர். மாவுச்சத்து மிக்க கிழங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே நீருள் அமிழ்த்தி நிறுத்தால் அதன் எடை கூடுதலாக நிற்கும். பள்ளி அறிவியல் நூலில் ஆர்க்கிமிடீசு விதி என்று பிள்ளைகள் உருவேற்றுவது இதுவே! தேர்வில் அவ்விதிக்கு முழு மதிப்பெண் வாங்கிய மகன், தந்தையின் கிழங்குக்கு ஆலையில் புள்ளி போடும்போது அருகில் நின்று சரிபார்க்கத் தெரியாமல் விழித்தால், அவன் வாங்கிய மதிப்பெண் எந்த ஆற்றில் கரைந்தது? ஒரு புள்ளி குறைந்தால் ஒரு வண்டிக் கிழங்கிற்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடத் தெரிந்த பிள்ளையே கற்ற பிள்ளை. அளவில் ஏமாறாதிருத்தல் திறன். நாளை அவனே ஆலை வைத்தால் அளவில் ஏமாற்றாதிருத்தல் ஒழுக்கம். இரண்டையும் ஒரே பாடத்தில் கற்பிக்கலாம். செய்வார்தாம் இல்லை.

ஏன் இல்லை? கரணியம் மொழியில் கிடக்கின்றது. விளங்காத மொழியில் படிக்கும் பிள்ளைக்கு விதி ஒரு தொடராகவே நிற்கும், பொருளாக மாறாது. பொருளாக மாறாதது கைக்கு இறங்காது. ஆங்கிலத்தை ஒரு மொழியாகத் திறம்படக் கற்கட்டும், எவரும் தடுத்திலர். ஆனால் கிழங்கையும் நீரையும் துலையையும் தமிழில் அறிந்த பிள்ளைக்கு அவற்றின் அறிவியலை மட்டும் ஏன் வேற்று மொழியில் ஊட்டவேண்டும்? செருமனியில் இளைஞர் ஒரே காலத்தில் தொழிற்சாலையிலும் தொழிற்பள்ளியிலுமாகப் பயின்று வல்லுநராகின்றனர். அப்பயிற்சி செருமானிய மொழியிலேயே நடக்கின்றது. சப்பானியர் தம் மொழியிலேயே பொறியியல் கற்று உலகுக்கு வண்டி விற்கின்றனர். அச் சப்பானில் பிள்ளைகளே தம் வகுப்பறையைத் துப்புரவு செய்கின்றனர். இங்கும் சில பள்ளிகளில் பிள்ளைகள் துப்புரவு செய்வதுண்டு. ஆனால் எந்தப் பிள்ளைகள் என்று பார்த்தால் வெட்கம் தலைகவிழ்க்கும். எல்லாப் பிள்ளையும், தலைமையாசிரியரும் சேர்ந்து பெருக்கினால் அது ஒழுக்கக் கல்வி. தாழ்த்தப்பட்ட பிள்ளையை மட்டும் ஏவினால் அது கொடுமை.

'தமிழில் படித்தால் வேலை ஏது?' என்பர். தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உண்டு. தகுதிப் படிப்பை மட்டும் தமிழில் முடித்துவிட்டு அவ்விடத்தைப் பறித்தாரைத் தடுக்க, 2020-இல் அது திருத்தவும்பட்டது. அதே 2010-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடவியலும் எந்திரவியலும் தமிழ்வழியில் தொடங்கின. 2023-இல் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கப்பட்டது. எழுந்தால் நிற்கும், உறங்கினால் பறிபோகும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

ஈராயிரத்துப் பதினேழு முதல் 'நீட்' என்னும் நடுவண் நுழைவுத் தேர்வும் தலைமேல் ஏறிவிட்டது. பழைய மதிப்பெண் பண்ணைகள் பலகையை மாற்றிக்கொண்டு அதற்கும் பயிற்சி விற்கின்றன. பண்ணை அதே பண்ணை. தீனி மட்டும் வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு 7.5 இடம் 2020-இல் சட்டமாயிற்று. அதனாற் பயன்பெற்ற ஏழைப் பிள்ளைகள் பலர் என்பது மகிழ்தற்குரியது. அவர்க்கும் வேண்டுவது வெறும் இடமன்று. இடத்தில் நிலைத்து நிற்கும் வினைத்திட்பம்.

ஆகவே செய்யவேண்டுவன இவை. பெற்றோர், பள்ளியில் சேர்க்குமுன் 'எத்தனை பேர் முழு மதிப்பெண்?' என்று கேட்பதை விடுத்து, 'பதினோராம் வகுப்புப் பாடம் நடக்கின்றதா? செய்முறைக் கூடத்தின் பூட்டு எப்போது திறக்கின்றது?' என்று கேட்கவேண்டும். ஆசிரியர், செய்யாத செய்முறைக்குக் கையெழுத்திடேன் என்று உறுதி பூணவேண்டும். ஊர்தோறும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள், உள்ளூர்ச் சிற்பியையும் தச்சரையும் நல்லுழவரையும் திங்களுக்கு ஒருநாளேனும் பிள்ளைகள் முன் நிறுத்தவேண்டும். அரசு, பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தாண்டும் பள்ளிகளை முன்னறிவிப்பின்றி ஆய்ந்து ஒறுக்கவேண்டும்.

சேலம் நகராண்மைக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பாவாணர் தமிழ் கற்பித்தார். பள்ளித் தமிழாசிரியராகத் தொடங்கி, மொழி பல கற்று, எவர் தடுப்பினும் கொண்ட வினையை விடாது, தம் இறுதிநாள் வரை சொல்லாய்வு செய்த பேரறிஞர் அவர். திறனும் ஒழுக்கமும் ஒருவரிடமே கூடி நிற்றல் இயலும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. அச் சேலத்து மண்ணில், பொய்க் குறிப்பேடு எழுதும் தலைமுறை ஒன்று வளர்வதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருத்தல் தமிழர்க்கு அழகோ? வரும் கல்வியாண்டில் பள்ளி வாயிலில் நின்று இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்குங்கள். ஒருவர் கேட்டால் ஏளனம் செய்வர். ஊரே கேட்டால் பாடம் நடத்துவர்!